முதல் கேள்வியே சாவைப் பற்றி!

ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரிலிருந்து பாலட்டினேட் சீமையை ஆண்டவர் மூன்றாம் பிரடெரிக். குடிமக்களுக்குக் கிறிஸ்தவ நம்பிக்கையைச் சொல்லித் தர 1563-ல் ஒரு வினாவிடை நூல் வெளியிட்டார். அதை எழுதியதில் பெரும் பங்கு சக்கரியாஸ் உர்சினுஸ் என்ற பேராசிரியருடையது. வயது 28தான்!

மொத்தம் 129 கேள்விகள்; 52 ஞாயிறுகளுக்கும் பங்கிடப்பட்டவை. வாழ்விலும் சாவிலும் ஒருவனைத் தாங்கும் ஆறுதல் எது என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிடுகிறது நூல். மனிதன் தனக்கே சொந்தமில்லை, இயேசு கிறிஸ்துவின் உடைமை என்பதுதான் ஆறுதலாம்!

சொந்தமில்லை என்றால் யாருக்கும் பயம்தான் வரும். வாடகை வீட்டில், தற்காலிக வேலையில் இருப்பவருக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் இங்கே பொருள் வேறு. தம் இரத்தத்தையே விலையாகக் கொடுத்து வாங்கியவர் கைவிடமாட்டார். மரணம்கூட அவர் கையிலிருந்து பிடுங்க முடியாது என்பது நம்பிக்கை. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 14-ம் அதிகாரத்தில் இதன் வேரைக் காணலாம்.

எழுதியவருக்கே சோதனை வந்தது. 1576-ல் பிரடெரிக் காலமானார். பட்டத்துக்கு வந்த மூத்த மகன் லுத்தர் வழிக்காரர். அவருக்கு இந்த நூல் ஒப்பவில்லை. உர்சினுஸின் வேலை போயிற்று. இளைய மகனின் ஆளுகையிலிருந்த நொய்ஸ்டாட் ஊருக்குப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தார். திரும்பவேயில்லை. 1583-ல், 48 வயதில், அங்கேயே கண்மூடினார்.

அதே ஆண்டு மூத்த மகனும் மறைய, வினாவிடை ஹைடல்பர்க்குக்குத் திரும்பி வந்தது. இன்றும் சில சீர்திருத்த சபைகளில் ஞாயிறு பிற்பகலில் அதை வைத்தே பிரசங்கம்.