லோரி தயார், கார்னே தயாரா?

சுங்கை வேயிலிருந்து குடும்பத்தோடு பழைய லோரியில் லண்டன்வரை போகத் திட்டமிடுவோர் முதலில் எஞ்சினைத்தான் பிரித்துப் பார்ப்பார்கள். பழைய வண்டி என்பதற்காகத் தயங்க வேண்டியதில்லை. 1955-இல் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட அதே லேண்ட் ரோவர், 2019-இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திரும்ப ஓடியது.

சிக்கல் தாளில்தான். இந்தியா, பாகிஸ்தான், ஈரானுக்குள் வரி கட்டாமல் வண்டியைக் கொண்டுபோக 'கார்னே' எனும் சுங்க ஆவணம் வேண்டும். மலேசிய ஆட்டோமொபைல் சங்கம் பிணை பெற்றுக்கொண்டு வழங்கும் இது ஓராண்டு செல்லும். நுழையும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒன்று. இரண்டாவது விடுபட்டால் வண்டி அங்கேயே தங்கிவிட்டதாகக் கருதி வரி கேட்பார்கள், பிணைத்தொகைக்கே ஆபத்து. அதாவது, நடுவழியில் லோரி படுத்துவிட்டாலும் போட்டுவிட்டு விமானம் ஏற முடியாது.

மியன்மார் வழியை 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் நம்ப முடியாது. கிள்ளான் துறைமுகத்திலிருந்து சென்னைக்குக் கப்பலில் அனுப்பினாலும் கார்னே கட்டாயம்.