சென்னையை முற்றுகையிட்ட பிரெஞ்சுத் தளபதிக்கு பாரிஸில் மரண தண்டனை ஏன்?

1758 டிசம்பர். சென்னை புனித ஜார்ஜ் கோட்டையைப் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டது. தளபதி, லாலி பிரபு. அடுத்த எட்டு வருஷத்துக்குள் அவருடைய தலையை வெட்டியது ஆங்கிலேயர் அல்ல, பிரான்ஸ்தான். என்னதான் நடந்தது?

யார் இந்த லாலி?

1702-ல் பிரான்ஸில் பிறந்தவர். அப்பா அயர்லாந்திலிருந்து வந்து பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவர். 1745 ஃபோன்டெனாய் போரில் ஆங்கிலேயருக்கு எதிராக லாலி காட்டிய துணிச்சல் அவருக்குப் பெரிய பெயரைத் தந்தது. ஏழாண்டுப் போர் வந்ததும், இந்தியாவில் ஆங்கிலேயரை ஒழித்துக்கட்டும் பொறுப்பு அவரிடம் வந்தது.

ஆரம்பம் எப்படி?

அமர்க்களம். 1758 ஏப்ரலில் புதுச்சேரியில் இறங்கினார். ஜூன் தொடக்கத்திலேயே கடலூர் புனித டேவிட் கோட்டை அவர் கையில்.

எங்கே சறுக்கினார்?

முதல் சிக்கல், பணம். புதுச்சேரி கஜானா காலி. பழைய கடனை வசூலிக்க தஞ்சாவூர் மீது படையெடுத்து, வெறுங்கையோடு திரும்பினார்.

இரண்டாவது, கடல். பிரெஞ்சுக் கப்பற்படை மொரீஷியஸுக்குப் போய்விட்டது. 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்ததும் சென்னை முற்றுகையைக் கைவிட வேண்டியதாயிற்று.

மூன்றாவது, அவருடைய குணம். புதுச்சேரி அதிகாரிகளைத் திருடர்கள் என்று வெளிப்படையாகத் திட்டினார். உள்ளூர் மக்களைக் கட்டாயப்படுத்தி சுமை இழுக்க வைத்தார். ஹைதராபாத்தில் பிரெஞ்சுச் செல்வாக்கைக் காப்பாற்றி வந்த புஸ்ஸியையும் திரும்ப அழைத்துக்கொண்டார். உதவ வேண்டியவர்களே விலகிப் போனார்கள்.

1760 ஜனவரி 22-ல் வந்தவாசியில் அயர் கூட்டிடம் தோல்வி. மறு ஜனவரியில், பட்டினியில் வாடிய புதுச்சேரியும் சரணடைந்தது.

அப்புறம் ஏன் தண்டனை?

போர்க் கைதியாக இங்கிலாந்துக்குப் போன லாலி, தன் மீது துரோகக் குற்றச்சாட்டு கிளம்பியதைக் கேட்டு, தானே விரும்பி பிரான்ஸுக்குத் திரும்பினார். கிடைத்தது பாஸ்டில் சிறை. மன்னரின் நலன்களைக் காட்டிக்கொடுத்தார் என்று தீர்ப்பு வந்தது. 1766 மே 9-ல், வாயை அடைத்து இழுத்துப் போய்த் தலையை வெட்டினார்கள்.

இந்தத் தீர்ப்பு அநியாயம் என்று எழுத்தாளர் வோல்டேரும் லாலியின் மகனும் போராடினார்கள். 1778-ல் தீர்ப்பு ரத்தானது.

தோல்வியில் லாலிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் முன்கோபம் வேறு, துரோகம் வேறு. பணமும் கப்பலும் கொடுக்கத் தவறியவர்கள் யாரும் அந்த வெட்டு மேடையில் ஏறவில்லை.