இறக்கத்துக்கு ஒரு வண்டி

கார் விளம்பரங்கள் ஏற்றத்தைக் காட்டும். பனி மூடிய மலை, சீறிப் பாய்கிற வண்டி, கையை ஆட்டிச் சிரிக்கும் குடும்பம். குமுளியிலோ கம்பத்திலோ பட்டறை வைத்திருப்பவரிடம் பத்து நிமிஷம் பேசிப் பாருங்கள். அவர் இறக்கத்தைப் பற்றித்தான் கேட்பார். எந்த கியரில் இறங்கினீர்கள், பெடல் மிதித்தால் எவ்வளவு தூரம் போகிறது, பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த கார்க்காரரை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன்.

இடுக்கி மாவட்டத்துக்கும் தேனி மாவட்டத்துக்கும் நடுவே மலை சுவர் போல நிற்கிறது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று முக்கியமான வாசல்கள். போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டுக்குப் போனால் 17 கொண்டை ஊசி வளைவுகள். கீழிருந்து மேலே ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம். ஆட்களும் சாமானுமாக இரண்டரை டன் எடையுள்ள ஒரு ஜீப் அந்த ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளியாகிற ஆற்றலைக் கணக்குப் போட்டால், சுமார் எண்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடலாம். இறங்குகிற அரைமணி, முக்கால் மணி நேரத்துக்குள் அந்தச் சூடு எங்கேயாவது போயாக வேண்டும். இரண்டாவது கியரில் இறங்கினால் பெரும்பங்கை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டினால் அத்தனையும் நான்கு சக்கரங்களின் பிரேக்கில் வந்து இறங்கும். மிச்சமும் ஒன்றும் ஆகாது. இன்றைய எஞ்சின்களில் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது எரிபொருள் தானாகவே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருப்பதற்குக் கொஞ்சம் குடித்துக்கொண்டே வரும்.

பிரேக் ஆயில் என்று நாம் சொல்கிற திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டப்பாவைத் திறந்த புதிதில் டாட்-3 ரகம் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. மூன்று, நான்கு சதவீதம் ஈரம் சேர்ந்த பிறகு அதே திரவத்துக்கு உத்தரவாதம் 140 டிகிரிக்குத்தான். டாட்-4 என்றால் 230-லிருந்து 155-க்கு இறங்கும். வருஷத்தில் பாதி நாள் மழையும் மூடுபனியுமாக இருக்கும் இடுக்கியில், இரண்டு மூன்று வருஷம் மாற்றாத ஆயிலின் கதி என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கும்போது சக்கரத்தருகே ஆயில் கொதித்து ஆவியாகிறது. ஆவியை அழுத்தினால் சுருங்குமே தவிர, அழுத்தத்தைக் கடத்தாது. பெடல் வெறுமனே தரை வரைக்கும் போகும்.

இதில் என்னை அதிகம் பயமுறுத்துவது அடுத்து நடப்பது. வண்டி ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடல் பழையபடி கெட்டியாக நிற்கும். விபத்துக்குப் பிறகு மிதித்துப் பார்க்கிறவருக்கு பிரேக் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். "பிரேக் பிடிக்கலைங்க" என்று டிரைவர் அழுதாலும் நம்புவதற்கு ஆள் இருக்காது. ஓட்டியவன் மேல்தான் பழி.

ஆயில் மாற்றி ஏர் எடுக்கிற வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை. பட்டறைப் பையன் சீட்டில் உட்கார்ந்து பெடலை மூன்று தடவை மிதித்து, நான்காவது மிதியில் அப்படியே பிடித்துக்கொள்கிறான். மேஸ்திரி பின்பக்க இடது சக்கரத்துக்கு அடியில் படுத்திருக்கிறார். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் இருக்கிற சக்கரம் அதுதான், அங்கேதான் தொடங்குவார்கள். நிப்பிளில் உள்ளே ஓடுவது தெரிகிற ஒரு டியூபைச் சொருகி, அதன் மறுமுனையைப் பழைய பாட்டிலுக்குள் விட்டிருக்கிறார். "பிடிச்சுக்கோடா" என்று சொல்லி ஸ்பேனரைக் கால் திருப்பு திருப்பியதும் கறுத்த ஆயில் குமிழி குமிழியாக வெளியேறுகிறது. "விட்றாத, விட்றாத." நிப்பிளை முறுக்கிய பிறகுதான் பையன் காலை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். குமிழி நின்று, இளமஞ்சள் நிறத்தில் புது ஆயில் வருகிறவரை இதே வேலை. பிறகு அடுத்த சக்கரம். முன் சீட்டில் நாம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு மலை இறங்குவது இந்த இரண்டு பேர் செய்த வேலையை நம்பித்தான்.

இந்தப் பக்கத்தில் ஜீப்புக்கு இருக்கிற மரியாதை வேறெந்த வண்டிக்கும் கிடையாது. 1947-ல் வில்லீஸ் ஜீப்புகளைப் பாகங்களாக வரவழைத்துப் பூட்டித் தரத் தொடங்கிய மஹிந்திரா, 1977-ல் இன்டர்நேஷனல் டிராக்டர் கம்பெனியைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அந்த டிராக்டர் எஞ்சினின் வழியில் வந்ததுதான் பின்னாளில் ஜீப்புகளில் பூட்டிய 2,523 சிசி டிஐ எஞ்சின். 2010-ல் வந்த தார் வண்டியின் டிஐ ரகம் வரைக்கும் அது தொடர்ந்தது. வயக்காட்டில் டிராக்டர் பிரித்துப் பழகியவர் மலையில் ஜீப்பைப் பிரிக்கத் தயங்க மாட்டார் என்பது இதனால் கிடைத்த வசதி. கம்பம் பள்ளத்தாக்கில் நெல் வயல், மேலே ஏலக்காய் எஸ்டேட், நடுவில் இரண்டுக்கும் ஒரே மெக்கானிக். ஸ்பிரிங் பட்டை உடைந்ததா, கிராஸ் தேய்ந்ததா, பம்ப்பும் நாசிலும் சர்வீஸுக்குப் போக வேண்டுமா, எஞ்சினைப் போர் போட வேண்டுமா, எல்லாவற்றுக்கும் ஆள் உள்ளூரிலேயே உண்டு. சாமான் இல்லையென்றால் லேத்தில் கடைந்து பூட்டிவிடுவார்கள். மூணாறு வட்டாரத்தில் இடமலைக்குடி ஆதிவாசிப் பஞ்சாயத்துக்குப் போகும் பாதையில், மழைக்காலத்தில் டயரில் சங்கிலி கட்டிக்கொண்டு சேற்றில் ஊர்ந்து போவதும் இந்த ஜீப்தான். 2010-ல் உருவான கேரளத்தின் முதல் ஆதிவாசிப் பஞ்சாயத்து அது. அரிசி, மருந்து, பிரசவத்துக்குப் போகிற பெண் எல்லாவற்றையும் சுமந்த வண்டி.

அதிகாலையில் கம்பம், கூடலூர், போடிப் பக்கத்து ஊர்களிலிருந்து ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களையும் இவைதான் ஏற்றிச் செல்கின்றன. தூக்குச்சட்டியும், மழைக்குப் போர்த்தப் பாலித்தீன் தாளுமாக அவர்கள் நெருக்கியடித்து உட்காருகிறார்கள். ஆர்சி புத்தகத்தில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறதோ அதற்கு மேல்தான் ஆள் இருக்கும். எடை கூடினால் பிரேக்கில் சேரும் சூடும் அதே அளவில் கூடுகிறது. இரண்டரை டன்னுக்குப் போட்ட கணக்கு மூன்று டன்னுக்கு உதவாது. சம்பளம் எஸ்டேட்டில், வீடு தமிழ்நாட்டில், நடுவில் தினம் இரண்டு தடவை மலை. வண்டியைத் தேர்ந்தெடுக்கிற உரிமையும் பிரேக்கைப் பற்றிக் கேட்கிற உரிமையும் அந்தப் பெண்களுக்கு இல்லை. வண்டி பராமரிப்பு என்பதை உரிமையாளரின் சொந்தச் செலவாக மட்டும் பார்க்க என்னால் முடியாமல் போவது இவர்களால்தான். முதலாளி தள்ளிப்போடுகிற ஒரு பிரேக் லைனிங் மாற்றத்துக்கு யார் உடம்பு ஈடு?

வடக்கே பாலக்காட்டுக்குப் போனால் வண்டியின் நோய்களே மாறிவிடுகின்றன. மலைத்தொடர் விட்டுக்கொடுத்த கணவாய் அது. காற்று வாளையாறு வழியாகத் தாராளமாக வீசும், கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கத்தில் பேட்டரிதான் முதலில் உயிரை விடும். ரேடியேட்டர் ஹோஸ் வெடிக்கும், ஏசி கேஸ் இறங்கும், வெயிலில் நின்ற டேஷ்போர்டு விரிசல் விடும். இடுக்கியிலோ அடித்தகடு துருப்பிடிக்கும், சீட்டில் பூஞ்சை பூக்கும், மழைக்கு ஒதுங்கிய எலி போனட்டுக்குள் குடியேறி வயரைக் கடித்து வைக்கும். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே சர்வீஸ் அட்டவணை. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்று அச்சடித்த புத்தகம் இரண்டு ஊருக்கும் எப்படிப் பொருந்தும்? அவரவர் ஊர் மெக்கானிக் சொல்கிற கணக்கைத்தான் நான் நம்புவேன்.

பாலக்காட்டு எல்லைக்காரர்களுக்குச் சாமான் வாங்கப் பொள்ளாச்சியும் கோவையும்தான் பக்கம். புதுசு கிடைக்காத பழைய மாடலுக்கு உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் கதவு, ஸ்டீரிங் பாக்ஸ், கண்ணாடி என்று தேடுவார்கள். திரும்பும்போது தமிழ்நாட்டுப் பக்கமே டேங்க்கை நிரப்பிக்கொள்வார்கள். கேரளத்தில் வரி கூடுதல், போதாதற்கு 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் வேறு. பரம்பிக்குளம் கதை இன்னும் விசித்திரம். பாலக்காடு மாவட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் கேரளத்துக்குள்ளிருந்து நேராகக் காரில் போக முடியாது. பொள்ளாச்சிப் பக்கம் சேத்துமடைக்கு வந்து, டாப்ஸ்லிப் ஏறித்தான் போயாக வேண்டும். அங்கே இருப்பவருக்கு வண்டி வழியில் நின்றுபோனால், சொந்த மாவட்டத்து மெக்கானிக்கைவிடப் பக்கத்து மாநில மெக்கானிக்தான் சீக்கிரம் வருவார்.

காகிதங்களுக்கு மட்டும் எல்லைக்கோடு கண்டிப்பாக உண்டு. வீடு போடியில், ஏலத்தோட்டம் உடும்பஞ்சோலையில் என்று வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வண்டியில் டிஎன் 60 இருக்கும், பக்கத்துத் தோட்டக்காரர் வண்டியில் கேஎல் 69. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 47-வது பிரிவுப்படி, வண்டி 12 மாதத்துக்கு மேல் இன்னொரு மாநிலத்தில் இருந்தால் அங்கே புதுப் பதிவு எண் வாங்க வேண்டும். அதற்குப் பழைய ஊரில் தடையில்லாச் சான்று, புது ஊரில் மறுபடி வரி. வாரத்தில் மூன்று நாள் இங்கே, நான்கு நாள் அங்கே நிற்கிற வண்டி எந்த மாநிலத்து வண்டி? சட்டம் எழுதியவர்களுக்கு இப்படியொரு வாழ்க்கை இருப்பது நினைவில் இருந்திருக்காது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வாளையாற்றில் மைல் கணக்கில் லாரிகள் நின்ற விற்பனைவரிச் சாவடி எடுக்கப்பட்டது. அந்த அளவுக்குச் சிந்திக்க முடிந்தவர்கள் இதையும் யோசிக்கலாம்.

பதினைந்து வருஷம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கிற கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025-ல் இருபது வருஷம் கடந்த வண்டிக்கு 10,000 ஆக்கினார்கள். பழைய வண்டியைச் சாலையிலிருந்து எடுக்கும் நோக்கம் புரிகிறது, புகை விஷயத்தில் அது நியாயமும்கூட. ஆனால் மலையில் வயது ஒரு மோசமான அளவுகோல். மாதாமாதம் டிரம் கழற்றிப் பார்க்கப்படும் இருபத்தைந்து வருஷ ஜீப், ஷோரூமிலிருந்து வந்த நாளிலிருந்து சக்கரம் கழற்றாத நான்கு வருஷக் காரைவிடப் பத்திரமாக இறங்கும். எஃப்சி நெருங்கும்போது பலர் பட்டி பார்த்து, டிங்கரிங் செய்து, பெயின்ட் அடித்துப் பளபளவென்று கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அந்தச் செலவில் ஒரு சிறு பங்கு போதும், நான்கு சக்கரத்துக்கும் வீல் சிலிண்டர் கிட் போட்டு ஆயில் மாற்றிவிடலாம்.

சுற்றுலா வந்த பிறகு மலைக்குச் சமவெளிக் கார்கள் குவிகின்றன. ஆட்டோமேடிக் கார்க்காரர்கள் டி-யிலேயே வைத்துப் போடிமெட்டு இறங்கி, சக்கரத்தில் புகை வந்ததும் ஓரங்கட்டி, பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறார்கள். தயவுசெய்து ஊற்றாதீர்கள். பழுக்கக் காய்ந்த டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம். ஹேண்ட் பிரேக் போடாமல், சக்கரத்துக்குக் கட்டையோ கல்லோ முட்டுக் கொடுத்து, அரைமணி நேரம் தானாக ஆறவிடுவதுதான் வழி. முட்டுக் கொடுத்த கல்லைக் கிளம்பும்போது எடுத்து ஓரம் போட்டுவிட்டுப் போகிற பழக்கம் ஜீப் டிரைவர்களிடம் உண்டு. வளைவில் கிடக்கும் கல் இரவில் வருகிற டூவீலர்காரனைக் கொல்லும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் ஜீப் சவாரிகள் உட்பட மலைச் சவாரிகளை 2025 ஜூலையில் ஒரு விபத்துக்குப் பின் இடுக்கி மாவட்ட நிர்வாகம் நிறுத்தி, சோதனைகளும் நிபந்தனைகளும் விதித்துத்தான் மறுபடி அனுமதித்தது. நல்ல காரியம். சவாரி ஜீப்புக்குச் செய்ய முடிந்ததைக் கூலிப் பெண்கள் ஏறும் ஜீப்புக்கும் செய்யலாமே.

2022 டிசம்பர் 23 இரவு, சபரிமலையிலிருந்து ஆண்டிபட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்த பக்தர்களின் கார் குமுளி மலைப்பாதையில் கட்டுப்பாட்டை இழந்து பள்ளத்தில் பாய்ந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். மண்டல காலத்தில் கூட்டம் பெருகும்போது வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏறவிட்டு, குமுளி வழியாக இறங்கச் சொல்லி ஒருவழிப் பாதை ஆக்குவார்கள். அதாவது இரவு முழுக்க விழித்த டிரைவர்களோடு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடிக் களைத்த வண்டிகள் எல்லாம் குமுளியிலிருந்து லோயர் கேம்ப் வரை ஆறு கிலோமீட்டர் இறக்கத்தில் வரிசையாக வருகின்றன.

அந்த இறக்கம் தொடங்குகிற இடத்தில், கார்த்திகை பிறக்கும் முன்பே, இரண்டு மாநிலப் போக்குவரத்துத் துறைகளும் சேர்ந்து ஒரு பந்தல் போடலாம். பிரேக் ஆயிலில் எவ்வளவு ஈரம் சேர்ந்திருக்கிறது என்று காட்டுகிற பேனா அளவுக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மூடியைத் திறந்து முனையை நனைத்தால் போதும், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கு எரியும். ஒரு வண்டிக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. சிவப்பு எரிந்த வண்டியை ஓரங்கட்டி ஆயில் மாற்றித் தர, கம்பத்துப் பட்டறைகளிலிருந்து இரண்டு மெக்கானிக்குகளைச் சீசன் முடிகிறவரை சம்பளம் கொடுத்து உட்காரவைக்கலாம். தை பிறந்ததும் பந்தலைப் பிரிக்காமல் அப்படியே கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் கொண்டுபோய், எஸ்டேட் ஜீப்புகளை மாதம் ஒருமுறை அங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும்.