ஆறே முக்கால் ஆண்டு தாமதமாக வரும் ஒளி

சிறு சிங்கம் விண்மீன் தொகுதியில் ஒரு குவாசர் (மிகத் தொலைவில் பிரகாசமாக ஒளிரும் கேலக்ஸி மையம்) இருக்கிறது. எஸ்டிஎஸ்எஸ் ஜே1004+4112 என்று வாயில் நுழையாத பெயர் அதற்கு. இருப்பது ஒன்று, தெரிவது ஐந்து. குறுக்கே நிற்கும் கேலக்ஸிக் கொத்து தன் ஈர்ப்பால், ஒரு லென்ஸ் போல, அதன் ஒளியை வளைத்து ஐந்து வழிகளில் அனுப்புகிறது. 2003இல் நான்கு பிம்பங்கள் அறிவிக்கப்பட்டன. கொத்தின் மையக் கேலக்ஸியை ஒட்டி மங்கலாக ஒளிந்திருந்த ஐந்தாவதை ஹப்பிள் தொலைநோக்கி பிறகு பிடித்துக் கொடுத்தது. அதுவரை கிடைத்த லென்ஸ் குவாசர்களில் பிம்பங்களின் இடைவெளி 7 வில்விநாடியைத் தாண்டியதில்லை. இங்கே அது 14.6. தனியொரு கேலக்ஸியால் இவ்வளவு விலக்க முடியாது. கொத்தில் மண்டிக் கிடக்கும் கரும்பொருளின் வேலை இது.

வழிகள் ஐந்தும் ஒரே நீளமில்லை, எனவே ஒளியும் ஒரே நாளில் வந்து சேருவதில்லை. குவாசர் ஒருமுறை பிரகாசமானால் முதலில் சி என்ற பிம்பம் காட்டும். 782 நாள் கழித்து பி, 825ஆம் நாள் ஏ. டி காட்ட 2,458 நாள், அதாவது ஆறே முக்கால் ஆண்டு! ஈர்ப்பு லென்ஸ்களில் இதுவரை அளக்கப்பட்ட மிக நீண்ட தாமதம் இதுதான். பிரபஞ்சம் விரியும் வேகத்தை (அதைக் குறிக்கும் எண் 67ஆ 73ஆ என்ற ஓயாத சண்டை) இத்தகைய தாமதங்களைக் கொண்டும் கணிக்கலாம். கொத்தின் எடைப் பரவலைத் துல்லியமாக அறியாமல் அந்தக் கணக்கை நம்ப முடியாது என்பவர்களும் உண்டு.

என் கவலை வேறு. 2022இல் வெளியான அந்த 2,458க்குப் பின்னால் பதினாலரை ஆண்டுப் பதிவு இருக்கிறது. அதில் பெரும்பங்கு அரிசோனாவின் ஹாப்கின்ஸ் மலையிலுள்ள, வெறும் 1.2 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கியுடையது. ஆண்டுதோறும் சில மாதம் சூரியன் அந்தப் பக்கம் வந்து மறைத்துவிடும். பதிவில் ஓட்டை விழும். போதாக்குறைக்கு, ஒளியின் பாதையில் நகரும் தனி விண்மீன்கள் ஒரு பிம்பத்தை மட்டும் பிரகாசமாக்கி ஏமாற்றும். குவாசரின் மாற்றம் எது, வழியில் சேர்ந்தது எது என்று பிரித்தெடுக்கப் பல ஆண்டுப் பதிவு வேண்டும். ஆய்வு நிதியோ பெரும்பாலும் மூன்று ஆண்டு, மிஞ்சினால் ஐந்து. ஆராய்ச்சி மாணவர் சேர்ந்து, பட்டம் வாங்கிப் போன பிறகும் டி பிம்பம் வாய் திறந்திருக்காது. எந்த நிதிக் குழு இதற்குக் காத்திருக்கும்?

சிலியில் 8.4 மீட்டர் ஆடியுடன் வந்திருக்கும் புதிய தொலைநோக்கி பத்து ஆண்டு வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கும், இனிச் சிறியவை எதற்கு என்கிறார்கள். அது காணப்போவது பெரும்பாலும் தென்வானத்தை. நம் குவாசர் இருப்பது வடக்கே 41 பாகையில். சிலியிலிருந்து பார்த்தால் அடிவானத்திலிருந்து இருபது பாகைகூட ஏறாது. லடாக்கின் ஹான்லேயில் நம்மிடம் 2 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, லென்ஸ் குவாசர்களைக் கண்காணித்த அனுபவமும் அதற்கு உண்டு. ஆனால் அதன் இரவுகளுக்கும் போட்டி உண்டு. 2026 தொடக்கத்தில் சி காட்டும் மாற்றம் 2032இன் பிற்பகுதியில் டி-க்கு வரும். அதைப் பதிவுசெய்யும் இரவுகளை இப்போதே யாராவது ஒதுக்கிவைத்தாக வேண்டும்.