குண்டுகரிச்சானின் உதயகீதம்

மாசிப் பனி விலகிப் பங்குனி வெயில் உறைக்கத் தொடங்கும் நாட்களில், கீழ்வானம் வெளுப்பதற்கு முன்னரே, வீட்டு முகட்டிலோ தென்னையின் உச்சி மட்டையிலோ அமர்ந்து நெடுநேரம் பாடுகிற குண்டுகரிச்சானின் குரலைக் குயிலின் குரலென்று எண்ணித் திரும்பிப் படுத்துக்கொள்பவர்கள் நம்மில் அநேகர். குயில் ஒரே கூவலை மேலும் மேலும் ஏற்றிக்கொண்டு போவது. இதுவோ சீழ்க்கைபோல் நெளியும் சங்கதிகளை மாற்றி மாற்றி வைத்து, இடையிடையே பிற பக்ஷிகளின் குரலையும் எடுத்தாளும்.

உருவத்தில் 19 சென்டிமீட்டர் அளவுதான். ஆணுக்கு நீலம் மின்னும் கறுப்பும் வயிற்றில் வெண்மையும் சிறகில் ஒரு வெள்ளைப் பட்டையும். பெண்ணுக்கோ கறுப்பின் ஸ்தானத்தில் சாம்பல் நிறம். இரண்டுமே வாலை நிமிர்த்திக்கொண்டு தரையில் தத்தித் தத்திப் புழு பூச்சி பொறுக்கும்.

எனக்கு விசேஷமாகப் படுவது இதன் மௌனம். குளிர்கால மாதங்களிலும் அதே தோட்டத்தில்தான் வசிக்கிறது. ஆயினும் கரகரத்த ஓரொலியும் மெல்லிய ஒரு சீழ்க்கையும் தவிர வேறு சங்கீதம் அதனிடம் இராது. இனப்பெருக்கக் காலம் வந்தாலொழிய அந்தக் கண்டம் திறப்பதில்லை.

எங்கள் கிணற்றடிச் சுவரில் செங்கல் பெயர்ந்த பொந்தொன்றில் ஒரு வருஷம் இது குடியேறியது. வேரும் சருகும் தேங்காய் நாரும் கொணர்ந்து திணித்ததெல்லாம் பெண்தான். நீலப்பச்சையில் பழுப்புத் திட்டுகள் படிந்த நான்கு முட்டைகளின்மேல் ஏறக்குறைய பன்னிரண்டு நாள் அடைகாத்ததும் அதுவே. ஆண் முருங்கைக் கிளையில் காவலிருந்தது. வேறோர் ஆண் வேலிப்பக்கம் வந்த அன்று, மார்பை உப்பி, அலகை வானோக்கி நிமிர்த்தி, வாலை விசிறியாக விரித்து அது நடந்த கம்பீரம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

வங்காளதேசம் இதைத் தன் தேசியப் பறவையாகக் கொண்டு, ‘தோயேல்’ என்றழைத்து, இரண்டு டாக்கா நோட்டிலும் அச்சிட்டிருக்கிறது. சிங்கப்பூரிலோ, குரலின் பொருட்டே கூண்டிலடைக்கப் பிடித்துப் பிடித்து, இந்த இனமே ஒரு காலத்தில் அற்றுப்போகும் தறுவாய்க்கு வந்துவிட்டது. பாடுகிற ஜீவனைப் பாட்டுக்காகவே சிறையிடுவதை என் மனம் ஒருபோதும் ஒப்பியதில்லை.

அந்திக் கருக்கலில் காகமும் மைனாவும் அடைந்த பிறகும், வாய்க்காலோர ஈரத்தில் வெள்ளைப் பட்டையொன்று தத்திக்கொண்டிருக்கும். விளக்கேற்றிவிட்டு வந்து பார்த்தாலும் அங்கேதான் இருக்கும்.