மதேராவில் மணக்கும் வெந்தயம்

தில்லைநகர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பழைய ஒயினை வருஷவாரியாக வைத்து ருசி பார்க்கிறார்களாமே, அப்படி என்னதான் மாறுகிறது?" குடிக்காத ஸ்ரீரங்கத்துக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது! ஆனாலும் வேதியியல் வாத்தியாராக இருந்தவனுக்கு விட மனசில்லை.

திராட்சை ரசம் நொதிக்கும்போது பாதியில் வீரியமான சாராயத்தைச் சேர்த்தால் ஈஸ்ட் அடங்கிவிடும், இனிப்பு மிஞ்சும். போர்ச்சுகலின் போர்ட்டும், மதேராவின் இனிப்பு ரகங்களும் இப்படித்தான். மதேரா என்பது அட்லாண்டிக் தீவு. இந்தியா வரும் வழியில் கும்பினிக் கப்பல்கள் அங்கே பீப்பாய்களை ஏற்றின. வெப்பக் கடலில் வெந்த சரக்குக்கு ருசி கூடியிருந்தது. தெப்பக்குளத்தில் கும்பினிக்காரர் கிளைவின் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் அந்தப் பீப்பாய்கள் என் நினைவுக்கு வரும். இன்று கப்பலுக்குப் பதில் வெயில் ஏறும் மாடியறை. வருஷம் பொறித்த உயர்ரகம் 20 வருஷமாவது பீப்பாயில் கிடக்க வேண்டும். மலிவு ரகத்தை 45 டிகிரிக்கு மேல் மூன்று மாதம் சூடாக்கி முடித்துவிடுவார்கள்.

என்னை மயக்கியது வேறொன்று. வயதாக ஆக இந்த ஒயின்களில் சோட்டலோன் என்ற பொருள் கூடுகிறது. வெந்தயத்துக்கு மணம் தருவதும் அதே சோட்டலோன்தான்! திராட்சையின் புளிப்போ டார்டாரிக் அமிலம். நம் புளியிலும் அதுவே. வறுத்த வெந்தயப்பொடி தூவி அம்மா இறக்கும் புளிக்காய்ச்சலுக்கு மதேரா தூரத்து உறவு என்று தெரிந்த நாளில் எனக்குச் சிரிப்பு தாளவில்லை.

ருசி பார்ப்பவர்கள் பெரும்பாலும் இளையதிலிருந்து மூத்ததற்குப் போவார்கள். மாற்றிக் குடித்தால் இளையது சப்பென்றாகிவிடும். நாக்குக்கு முன்னால் மூக்கு.

நமக்கும் அந்தக் கலை உண்டு. புதுப்புளி சிவந்திருக்கும், பல் கூசும். இரண்டு வருஷப் புளி கறுத்து, புளிப்போடு பேரீச்சம்பழ வாசனையும் காட்டும். புளியோதரைக்குப் பழம்புளிதான் என்பாள் பாட்டி. போன வருஷம் எங்கள் வீட்டிலேயே "கறுத்துப்போச்சு" என்று ஒரு பானைப் புளியைக் குப்பையில் கொட்டினார்கள். அயல்நாட்டான் பாட்டிலில் வருஷத்தைப் பொறித்துக் காசு பார்க்கிறான். நாம் ஜாடியில் ஒரு சீட்டுகூட ஒட்டுவதில்லை.

ஒயின் வாங்கச் சொல்லவில்லை. இந்தப் பங்குனியில் புளி வாங்கினால், உப்பிட்டு ஜாடியில் அடைத்து, மேலே வருஷத்தை எழுதி வையுங்கள்.