சொல்லாமல் நகரும் மணி

மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறன்று கடிகார முள்ளை ஒரு மணி முன்னே தள்ளி, நவம்பரின் முதல் ஞாயிறன்று அதைப் பின்னுக்கு இழுத்துவிடும் அமெரிக்க சம்பிரதாயம், பல்லாண்டுகளாக முள்ளைத் தொட்டறியாத நமக்கு ஒரு வேடிக்கைச் செய்தியாகவே இருந்துவந்தது, கோவையில் பீளமேட்டிலும் கணபதியிலும் பிள்ளைகள் இணையவழிச் சதுரங்கப் போட்டிகளில் ஆடத் தொடங்கும் வரையில். நியூயார்க்கின் பகல் 11 மணிக்கென்று குறித்த ஆட்டம் கோடையில் நமக்கு இரவு 8.30-க்கு வரும், நவம்பரில் அந்த ஞாயிறு கழிந்ததும், மூச்சுக் காட்டாமல் 9.30-க்குப் போய்விடும். வீட்டுப்பாடத்தை அவசரமாக முடித்து, சாப்பிட்ட கை காயுமுன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த பையன், ஆட்டத்துக்கு இன்னும் ஒரு மணி பாக்கி என்று இலக்கங்கள் இறங்கிக்கொண்டிருப்பதைக் கண்டு விழிக்கிறான். "படுத்துக்கோ கண்ணு, காலையில வேனுக்குப் போகோணும்" என்று தாயார் சொல்வது அவன் காதில் ஏறுவதில்லை. ஐரோப்பியர் முள்ளைத் திருப்புவதோ அக்டோபரின் கடைசி ஞாயிறில். ஆகையால் இடைப்பட்ட அந்த ஒரு வாரத்தில் பயிற்சி ஆசிரியர்களுக்கே கணக்குத் தப்பும்.

எல்லாத் தேசத்தாருக்கும் தோதான வேளை ஒன்று கிடையாது என்று போட்டி நடத்துவோர் சொல்வதிலும் நியாயமுண்டு. இருக்கட்டும், என் விசாரமெல்லாம் நித்திரையைப் பற்றியது. 2022 மே மாதம், சென்னைப் பிரக்ஞானந்தா இணையவழிப் போட்டியொன்றின் அரையிறுதியில் அனிஷ் கிரியை வென்று எழுந்தபோது பின்னிரவு மணி இரண்டு. விடிந்தால் பதினோராம் வகுப்புப் பரீட்சை. அதைக் கொண்டாடி மகிழ்ந்த நாம், அந்த மேதைமை வாய்க்காத எத்தனையோ பிள்ளைகளும் அதே அகாலத்தில் விழித்துக் கிடந்து, மறுநாள் முதல் பீரியடில் தூங்கி வழிவதை எண்ணிப் பார்த்தோமில்லை. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை விதித்த 2025-ஆம் வருஷத்துத் தமிழக விதிகள் பந்தயமில்லாச் சதுரங்கத்தைத் தீண்டவில்லை. தீண்ட வேண்டுமென்று நானும் கோரமாட்டேன்.

மில் சங்கை நம்பி, ஷிப்டுக்குத் தக்கபடி அடுப்பு மூட்டிப் பழகிய ஊர் இது. இங்கே மாதாந்திர மின்தடைகூட எந்தெந்தப் பகுதிக்கு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று முன்தினமே பத்திரிகையில் வந்துவிடுகிறது. அந்த மட்டுக்காவது, இந்திய நேரம் இன்னதென்று போட்டிக்காரர்கள் ஒரு நாள் முன்னதாக எழுதி அனுப்புவார்களானால், பரீட்சை வாரத்துப் பிள்ளை ஆடுவதா படுப்பதா என்பதைத் தாயாரே தீர்மானித்துக்கொள்வார்.